சாவியைத் திருப்பினால் எது சாய்கிறது?

"டிரைவரின் லாஃப்டை 9 டிகிரியிலிருந்து 10.5-க்கு மாற்றினேன். பந்து உயரமாகப் போகும் என்றார்கள். இடது பக்கமாக அல்லவா போகிறது? கிளப்பில் கோளாறா, என்னிடம் கோளாறா?" என்று கோல்ஃப் ஆடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வலக்கை ஆட்டக்காரர். டிரைவர் என்பது பந்தை வெகுதூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை. கோல்ஃபில் மட்டையைக் கிளப் என்பார்கள். அவருடைய கிளப் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. லாஃப்டை மட்டும் தனியாக மாற்றிக் கொடுப்பதாக அவர் நம்பிய இடத்தில்தான் சிக்கல்.

லாஃப்ட் என்பது பந்தில் படும் கிளப் முகம் செங்குத்தாக நிற்காமல் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. டிரைவர்களில் பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும். பந்து மேலே கிளம்புவதும் பின்சுழற்சி பெறுவதும் இந்தச் சாய்வால்தான். பின்சுழலும் பந்தைக் காற்று மேலே தூக்கும், மேக்னஸ் விளைவு. முன்னணி ஆண் வீரர்கள் அடிக்கும் பந்து சுமார் 11 டிகிரியில் கிளம்பி, நிமிடத்துக்கு 2,600 சுற்றுக்குச் சற்று மேல் சுழன்றபடி பறக்கிறது. சுழற்சி குறைந்தால் பந்து சீக்கிரம் விழும், அதிகமானால் மேலே ஏறித் தூரத்தைக் கோட்டைவிடும்.

இந்தப் பின்சுழற்சியை ஆராய்ந்தவர்களில் எடின்பரோவின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் டெய்ட் முக்கியமானவர். 1890-களில் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். பந்தில் நீள நாடா ஒன்றைக் கட்டினார், மறு முனையைத் தரையில் பொருத்தினார், சில அடி தள்ளி இருந்த களிமண்ணில் பந்தை அடிக்கச் சொன்னார். அப்புறம் நாடாவில் விழுந்திருந்த முறுக்குகளைப் பார்த்தார். வேலை முடிந்தது! இன்று இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றே தெரியாமல் திரும்பி வந்துவிடுவோம். ஆர்வத்துக்கு என்று கொஞ்சம் பணம் ஒதுக்காத அமைப்பில் இப்படிப்பட்ட நாடாக்கள் முறுக்கிக்கொள்வதில்லை.

சரி, டிரைவருக்கு வருவோம். எடையைத் தவிர வேறு எதையும் ஆட்டக்காரர் மாற்றிக்கொள்ள 2008-க்கு முன் விதி இடம் கொடுக்கவில்லை. அனுமதி வந்ததும் பந்தை அடிக்கும் தலையும் நீளக் காம்பான ஷாஃப்டும் சேரும் இடத்தில் சுழற்றி வைக்கக்கூடிய ஸ்லீவ் வந்தது. ஷாஃப்டின் நுனியில் ஒட்டியிருக்கும் சின்ன உலோக உறை அது. அடியிலிருந்து ஒரு திருகு அதைத் தலையோடு இறுக்கிப் பிடிக்கும். திருகைக் கழற்றி, ஸ்லீவை வேறு எண்ணுக்குத் திருப்பி, மறுபடி முடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சூட்சுமம் அந்த உறைக்குள் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் தலையின் துளையில் நேராகப் பொருந்தும். ஷாஃப்ட் நுழையும் உள்துளையோ ஓரிரு டிகிரி கோணலாகக் குடையப்பட்டிருக்கும். மண்வெட்டிக் காம்பில் ஆப்பை எந்தப் பக்கம் அடிக்கிறோமோ அதற்கேற்பத் தகட்டின் சாய்வு மாறும் அல்லவா, அதே கதை. தகட்டை யாரும் வளைக்கவில்லை, காம்புக்கும் அதற்கும் உள்ள கோணம்தான் மாறியது. ஸ்லீவைச் சுழற்றும்போது தலையிலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் ஒரு ஒல்லியான கூம்பை வரைகிறது. இலக்கை நோக்கியோ அதற்கு எதிராகவோ சாய்ந்தால் லாஃப்ட் மாறும். ஆட்டக்காரர் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்ந்தால் லை மாறும், அதாவது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம்.

இந்த லை கோணம்தான் வாசகரை மாட்டிவிட்டது. ஷாஃப்ட் செங்குத்தாக நின்றிருந்தால் முன்பின் சாய்வு முழுக்க லாஃப்டுக்கே போயிருக்கும். தரையோடு படுத்திருந்தால் முழுக்க முகத்தின் திசைக்குப் போயிருக்கும். டிரைவரின் ஷாஃப்டோ சுமார் 58 டிகிரியில் நிற்கிறது, ஆகவே இரண்டுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை யார் எடுத்துக்கொள்வது என்பதை கிரிப்பை, அதாவது கைப்பிடியைப் பிடிக்கும் கை தீர்மானிக்கிறது. லாஃப்டைக் கூட்டிய பிறகு கிளப்பின் அடிப்பாகம் தரையில் படியும்படி வைத்துப் பார்த்தால் தலை பழையபடியே உட்காரும். லாஃப்ட் மாறியிருக்காது, முகம் மட்டும் இடது பக்கம் திரும்பி நிற்கும். கைக்குள் ஷாஃப்டைத் திருகி முகத்தை இலக்குக்கு நேராக்கினால் அந்தத் திருப்பம் லாஃப்டாக மாறிவிடும். பள்ளி முக்கோணவியல் போதும்: பரிமாற்ற விகிதம் லை கோணத்தின் டான்ஜென்ட். டான் 58° சுமார் 1.6. ஒரு டிகிரி லாஃப்டுக்கு 1.6 டிகிரி முகத் திருப்பம். நம் வாசகர் கூட்டிய 1.5 டிகிரி, முகத்தை நேராக்காமல் பிடித்திருந்தால் 2.4 டிகிரி இடப்பக்கத் திருப்பம். 220 மீட்டர் தொலைவில் இது மட்டுமே ஒன்பது மீட்டர் விலகல், பந்தின் வளைவு தனி.

ஒற்றை ஸ்லீவுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. ஷாஃப்ட் அந்தக் கூம்பின் விளிம்பிலேயே சுற்ற வேண்டும், உள்ளே வர முடியாது. டெய்லர்மேட் நிறுவனத்தின் ஸ்லீவில் 12 நிலைகள் இருந்தாலும் எல்லாம் ஒரே வட்டத்தில்தான். லாஃப்டை மாற்றினால் லையும் கொஞ்சம் கூடவே நகரும். 2010-ல் வந்த டைட்லிஸ்ட் நிறுவனத்தின் 910 டிரைவர் இதற்கு ஒரு அழகான வழி பிடித்தது. A முதல் D வரை எழுத்துள்ள ஸ்லீவ், 1 முதல் 4 வரை எண்ணுள்ள வளையம். இரண்டு சாய்வுகளைத் தனித்தனியே திருப்பிக் கூட்டிக்கொள்ளலாம், மொத்தம் 16 நிலைகள். லாஃப்டும் லையும் 0.75 டிகிரிப் படிகளாக, நான்குக்கு நான்கு கட்டமாக, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் மாறும். இந்த 16-ஐத் தாளில் வெக்டர்களாக வரைந்து பாருங்கள். இரண்டு சாய்வுகளும் சமமாக இருந்தால் பல நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்பதுதான் மிஞ்சும். ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு என்றால் 16-ம் சீரான கட்டமாக விரியும், இரும எண்களில் ஒன்றும் இரண்டும் சேர்ந்து பூஜ்யம் முதல் மூன்று வரை எல்லாவற்றையும் எழுதிவிடுவது போலவே. கோல்ஃப் கிளப்பின் கழுத்துக்குள் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

குறைந்த லாஃப்ட் வைத்திருப்பவர்தான் வீரர் என்ற மூடநம்பிக்கை கோல்ஃப் திடல்களில் ராகுகாலத்தைவிட வலுவானது. வேகமாகச் சுழற்ற முடியாதவர்களுக்குக் கூடுதல் லாஃப்ட்தான் பந்தை நீண்ட நேரம் காற்றில் வைத்திருக்கும். ஸ்லைஸ் அடிக்கிறவர்களுக்கு, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவர்களுக்கு, முகம் கொஞ்சம் இடப்பக்கம் மூடுவதும் இலவச உதவி. நம் வாசகர் 10.5-ஐ விட வேண்டாம். கிளப்பைக் காற்றில் தூக்கி, முகத்தை நேராக வைத்து, அதன் பிறகு கிரிப்பைப் பிடிக்கட்டும். ஸ்லீவோடு ஷாஃப்டும் சுழன்றிருப்பதால் கிரிப்பில் உள்ள எழுத்தையோ கோட்டையோ அடையாளமாக வைத்துப் பிடிக்கக் கூடாது.

திருகை முடுக்க, கிளப்போடு வரும் டார்க் ரெஞ்சையே, அதாவது போதிய இறுக்கம் வந்ததும் சொல்லிவிடும் சாவியையே பயன்படுத்துங்கள். பொதுவாக சுமார் 4.5 நியூட்டன் மீட்டரில் 'டிக்' என்று ஒலித்து நிற்கும். அந்த ஒலிக்கு மேல் கையின் பலத்தைக் காட்ட வேண்டாம். இந்த வேலையெல்லாம் பயிற்சித் திடலோடு சரி. ஆட்டம் தொடங்கிய பிறகு லாஃப்டை மாற்றி ஒரு அடி அடித்தாலும் தகுதிநீக்கம். அடிக்கும் முன் பழைய எண்ணுக்கே திருப்பிவிட்டால் தண்டனை இல்லை.