24 மணி நேரத்தில் மருந்து கேட்கிறது, 48 மணி நேரத்தில் கேட்கவில்லை

ரத்தத்தில் காண்டிடா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) வளர்ந்திருக்கிறது என்று லேப் சொன்னதும், எந்த மருந்து கேட்கும் என்றுதான் மருத்துவர் அடுத்துப் பார்ப்பார். பதில் ஓர் எண்ணாக வரும்: ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு 2.

அந்த எண் பிறக்கும் இடம் 96 சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் மருந்து இருந்தால், அடுத்ததில் 32, அதற்கடுத்து 16 என்று பாதி பாதியாகக் குறையும். எல்லாவற்றிலும் ஒரே அளவு ஈஸ்டை விட்டு, 35 டிகிரியில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்ப்பார்கள். ஈஸ்ட் வளர்ந்த குழி கலங்கியிருக்கும். வளர்ச்சி அடங்கிய குழிகளில் எதில் மருந்து மிகக் குறைவோ, அந்த அளவுதான் ரிப்போர்ட்டில் வரும் எண்.

படிகள் இரட்டிப்பாக ஏறுவதால், இன்று 2 வந்தது நாளை 4 என்று வந்தால் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு படி முன்பின் இந்தச் சோதனையில் சகஜம். ஆனால் ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ விதிப்படி, காண்டிடா அல்பிகன்ஸ் என்ற வகைக்கு ஃப்ளூகோனசோல் எண் 2 வரை இருந்தால் மருந்து கேட்கும், 4 என்றால் டோஸைக் கூட்ட வேண்டும், 8 முதல் கேட்காது. எல்லைக்கோட்டில் நிற்கும் ஈஸ்டுக்கு ஒரு படி பெரிய விஷயம். ஐரோப்பிய முறையில் ஈஸ்டை ஏறத்தாழ 100 மடங்கு அதிகம் விடுகிறார்கள். அதனால் ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது.

இதைவிடச் சிக்கலானது கலங்கலை வாசிப்பது. ஃப்ளூகோனசோல் காண்டிடாவைக் கொல்வதில்லை, வளரவிடாமல் முடக்குகிறது. அதனால் குழி பளிச்சென்று தெளியாது. லேசான மங்கல் தங்கிவிடும். மருந்தில்லாத குழியோடு ஒப்பிட்டு, வளர்ச்சி பாதியாகக் குறைந்திருந்தால் போதும் என்று விதி வைத்ததற்குக் காரணம் இதுதான். சில ஈஸ்டுகள் இன்னும் படுத்தும். 24 மணி நேரத்தில் பார்த்தால் மருந்து நன்றாகக் கேட்பதுபோல் இருக்கும். 48 மணி நேரத்தில் பார்த்தால் வரிசை முழுக்கக் கலங்கியிருக்கும். எதை நம்புவது? அதே ஈஸ்டை எலிகளுக்குத் தொற்றவைத்து மருந்து கொடுத்தபோது, மருந்து கேட்டது. 24 மணி நேர வாசிப்புதான் உண்மைக்கு நெருக்கம். 48 மணி நேரத்தை நம்பியிருந்தால், பலன் தரும் ஒரு மருந்தை வீணாக ஒதுக்கியிருப்போம்.

இதற்கு நேரெதிரான தவறுதான் எனக்குப் பெரிய கவலை: கேட்காத மருந்தைக் கேட்கும் என்று சொல்வது. நோயாளியின் ரத்தத்தில் ஈஸ்ட் பெருகிக்கொண்டிருக்க, ரிப்போர்ட்டை நம்பி நாட்கள் வீணாகும். ஆய்வகத்தார் இதை 'மிகப் பெரிய பிழை' என்றே தனியாகக் கணக்கு வைக்கிறார்கள்.

காஸ்போஃபங்கின் மருந்தில் வேறொரு தொல்லை. ஒரே ஈஸ்டுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறியது. அதனால் ஐரோப்பியக் குழு அதற்கு எல்லையே வகுக்கவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மைக்காஃபங்கினையோ அனிடுலாஃபங்கினையோ சோதிக்கச் சொல்கிறது.

அப்புறம் காண்டிடா ஆரிஸ். 2009-இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இந்த ஈஸ்ட், பின்னர் இந்திய மருத்துவமனைகளிலும் பரவியது. 2015-இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், தானியங்கிக் கருவி இதற்கு ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தின் எண்ணை உண்மையைவிட உயர்த்திக் காட்டியது தெரியவந்தது. இந்த மருந்துக்குப் பெரும்பாலான எண்கள் எல்லைக்குப் பக்கத்திலேயே குவிகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2 முதல் கேட்காது என்று எல்லை வைத்து, மருந்து தடவிய கீற்றால் செய்யும் சோதனையில் 1.5 வந்தால் அதை 2 ஆக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதனால் கருவி மட்டும் 'கேட்காது' என்று சொல்லும்போது, அந்த மருந்தைக் கைவிடுமுன் வேறொரு முறையில் திரும்பச் சோதிக்கக் கேட்பது நல்லது.