அடகு வைத்த பிறகு மன்மோகன் சிங் என்ன செய்தார்?

வங்கியில் நகைக்கடன் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கெடு நாளன்று வாடிக்கையாளர் வருவார், வட்டியை மட்டும் கட்டுவார், அதே வளையலை அன்றைக்கே திரும்ப வைத்துவிட்டுப் போவார். அதன் எடையும் கல் கழிவும் மதிப்பீட்டாளருக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்.

அடகு வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் நாடே வைத்திருக்கிறது என்று அந்த வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். 1991 மே மாதம் 20 டன் தங்கம், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு சுவிஸ் வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி இன்னும் சுமார் 47 டன்னை இங்கிலாந்துக்கு அனுப்பிக் கடன் வாங்கியது. கையிலிருந்த அந்நியச் செலாவணி இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும். அந்த நேரத்தில்தான், ஜூன் 21-ல், மன்மோகன் சிங் நிதியமைச்சரானார்.

பலர் நினைப்பதுபோல அவர் திடீரென்று வெளியிலிருந்து வந்தவர் அல்ல. 1972-ல் தலைமைப் பொருளாதார ஆலோசகர், 1982-ல் ரிசர்வ் வங்கி கவர்னர், அப்புறம் திட்டக்குழு துணைத் தலைவர். தொழில் தொடங்க அரசிடம் உரிமம் வாங்கியாக வேண்டிய அந்த லைசென்ஸ் ராஜ்யத்தின் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவர். ஆனால் 1960-களிலேயே, இந்தியச் சரக்கு வெளியே விலைபோகாது என்று டெல்லி நம்பிக்கொண்டிருந்தபோது, அது தவறு என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் எழுதியவரும் அவர்தான்.

தங்கம் வாங்கித் தந்தது அவகாசம் மட்டும்தான். அதை அவர் வீணடிக்கவில்லை. ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பிரதமர் நரசிம்ம ராவ் தயங்கினார். 3-ம் தேதி நடக்கவேண்டிய இரண்டாவது குறைப்பை நிறுத்த முடியுமா என்று மன்மோகன், ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் சி. ரங்கராஜனுக்குப் போன் போட்டார். அறிவிப்பு அதற்குள் வெளியாகியிருந்தது! ஜூலை 24 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார், எம்.பி.க்கள் கொதித்ததும் 30 சதவீதமாக இறங்கிவந்தார். பிடிவாதக்காரராக இருந்திருந்தால் மொத்தமும் கவிழ்ந்திருக்கும் என்பது என் எண்ணம். அன்றைக்கே பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையும் போனது. தங்கத்தின் மேல் வாங்கிய கடன் அந்த வருஷமே அடைந்தது. 2009-ல், அவர் பிரதமராக இருந்தபோது, ரிசர்வ் வங்கி சர்வதேச நிதியத்திடமிருந்து (ஐ.எம்.எஃப்) 200 டன் தங்கத்தை விலைக்கே வாங்கியது.

நம்மில் பலர் அடகு வைத்ததோடு நிறுத்திவிடுகிறோம். செலவும் மாறுவதில்லை, வரவும் மாறுவதில்லை. கடைக்கு முதல் போட, விதைக்கு, படிப்புக்கு என்றால் மீட்கும் பணம் எங்கிருந்து வரும் என்று ஓரளவு தெரியும். பழைய கடனின் வட்டிக்காகப் புது நகையை வைப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. எல்லா நகையையும் ஒரே கடனில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று கடனாகப் பிரித்துக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சீட்டுப் பணமோ போனஸோ வரும்போது ஒரு ஜோடி வளையலையாவது முழுசாக மீட்டுக்கொண்டு போகலாம்.