பழப் பீட்சாவின் நடுப்பகுதி ஏன் களியாகிறது?

பழத் துண்டுகளைப் பரப்பி வீட்டில் சுடும் இனிப்புப் பீட்சாவின் ஓரம் பொன்னிறமாகச் சிவந்திருக்க, நடுப்பகுதி மட்டும் வேகாத களியாகக் கிடப்பதுண்டு. மாவிலும் போறணையிலும் குறை தேடுவதற்கு முன்னர், பழத்திலுள்ள நீரைக் கணக்கில் எடுக்க வேண்டும். எடையில் மாம்பழம் ஏறத்தாழ 83 சதவீதமும், அன்னாசி 86 சதவீதமும், பப்பாசிப்பழம் 88 சதவீதமும் நீரே. வாழைப்பழத்தில் அது 75 சதவீதத்தை ஒட்டியது. ஆகவே 200 கிராம் அன்னாசியைப் பரப்பும்போது, ஏறத்தாழ 170 கிராம் நீரையும் சேர்த்தே மாவின் மேல் ஏற்றுகிறோம்.

போறணை 220 பாகை செல்சியஸில் எரிந்தாலும், ஈரம் தேங்கியுள்ள இடத்தின் வெப்பநிலை, அந்த நீர் ஆவியாகி முடியும் வரை 100 பாகையைத் தாண்டாது. மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்ற, 1912 இல் லூயி கமில் மெயிலார்ட் விவரித்த வினையோ ஏறத்தாழ 140 பாகையில்தான் விரைவாக நடக்கும். ஓரம் சிவந்தும் நடு வெளிறியும் போவதன் காரணம் இதுவே. பழத்தின் மேல் சீனியைத் தூவிச் சுடுவது நிலைமையை மேலும் மோசமாக்கும். சீனி பழக் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். அதே இயல்பை நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். துண்டுகளில் பொடித்த பனங்கட்டியைப் பிசறி அரை மணி நேரம் வைத்து, ஊறிய சாற்றை வடித்து, அதைத் தனியே பாகு பதத்திற்குக் காய்ச்சி, சுட்ட பின்னர் மேலே தடவினால் சுவை முழுவதும் எஞ்சும், ஈரம் மட்டும் நீங்கும். கனத்த இரும்புத் தட்டை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி, அதன் மேல் வெறும் மாவைப் பாதி வேக்காடு வரை சுட்டெடுத்து, மெல்லியதாக வெண்ணெய் பூசிய பின் பழம் வைப்பது இன்னும் பாதுகாப்பானது. கொழுப்புப் படலம் சாறு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பகல் வெப்பத்தில் ஈஸ்ட் நன்றாகவே இயங்கும். ஆனால் இனிப்புப் பண்டம்தானே என்று மாவில் சீனியை அள்ளிப் போட்டால், ஈஸ்ட் கலங்களும் நீரை இழந்து சோர்ந்துவிடும். 250 கிராம் கோதுமை மாவிற்கு ஒரு மேசைக்கரண்டி சீனி போதும்.

பழத்தின் அடியில் கிரீம் சீஸோ வடிகட்டிய கெட்டித் தயிரோ பூசுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடாக்காத அன்னாசியிலுள்ள புரோமெலேன், பப்பாசியிலுள்ள பப்பெயின் ஆகிய நொதியங்கள் பாற்புரதத்தைத் துண்டாடுபவை. நேரம் செல்லச் செல்லப் பூச்சு நெகிழ்ந்து கசக்கத் தொடங்கும். இறைச்சி மென்மையாக வேகட்டும் என்று கறியில் பப்பாசிக்காய்த் துண்டு போடும் வழக்கத்தின் அடிப்படையும் இந்த நொதியமே. காயின் பாலில் மிகுந்திருக்கும் பப்பெயின், பழுக்கப் பழுக்கக் குறையும்; எனினும் அது வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடியது. எனவே இரு பழங்களையும் சாறு கொதித்து வற்றும் வரை சில நிமிடங்கள் தாச்சியில் வதக்கிச் சேர்ப்பதே நல்லது. தகரத்தில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

வாழைப்பழத்தை வெட்டியவுடன் தேசிக்காய்ப்புளி தடவினால், கறுப்பாக்கும் நொதியத்தின் வேகம் அமிலத்தால் தணியும். நீர் குறைந்த பழமாதலால் போறணைக்கும் அது மிகப் பொருத்தமானது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மட்டும் தயவுசெய்து சுட வேண்டாம். அதன் மணம் எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது. 220 பாகையில் அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சுட்ட பீட்சாவை, அடியில் நீராவி தேங்காதபடி கம்பித் தட்டில் வைத்து, கைச்சூட்டிற்கு ஆறிய பின்னர் மாம்பழத்தை அடுக்கி உடனே பரிமாறுங்கள்.