அலுவலக மின்னஞ்சல்: எதை வைப்பது, எதுவரை வைப்பது

90 நாள் கடந்த மெயில் எல்லாம் தானாக அழிய வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைக்கின்றன. வேறு சில எதையுமே அழிப்பதில்லை. இரண்டு இடத்திலும் பிழை ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விலைக்கு ஒப்புதல் தரும் இரண்டு வரி மெயிலும் நாளைய கூட்டத்தின் நேரத்தைச் சொல்லும் மெயிலும் ஒரே இன்பாக்ஸுக்குத்தான் வருகின்றன. முன்னது ஒப்பந்தக் கோப்பில் இருக்க வேண்டியது. பின்னது கூட்டம் முடிந்ததும் தேவைப்படாது.

பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் போதும். இந்த மெயிலால் ஒரு முடிவு எடுக்கப்பட்டதா? ஒப்புதலோ மறுப்போ தரப்பட்டதா? நிறுவனத்துக்குக் கடமையோ உரிமையோ உண்டானதா? ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால் அது தொழில் ஆவணம். ஆவண மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 15489 தரநிலையும் (2001, திருத்தம் 2016) வடிவத்தைப் பார்ப்பதில்லை. நடந்த வேலைக்கு அது சான்றா என்றுதான் பார்க்கிறது.

வைத்திருக்கும் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஓர் ஒப்பந்தம் 5 ஆண்டு ஓடுகிறது. முடிந்தபின் 7 ஆண்டு ஆவணங்களை வைக்க வேண்டும் என்று கொள்வோம். மெயில் வந்த நாளிலிருந்து 7 ஆண்டு என்று மென்பொருளில் அமைத்துவிட்டால், பேரம் பேசிய முதல் மாத மெயில்கள் ஒப்பந்தம் முடிந்த 2 ஆண்டிலேயே போய்விடும். வழக்கு வந்தால் முதலில் தேடுவது அவற்றைத்தான். எத்தனை ஆண்டு என்பதை அந்தந்த நாட்டின் வரி, தொழிலாளர் சட்டங்களையும், வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறைச் சட்டங்களையும் பார்த்துச் சட்டப் பிரிவும் கணக்குப் பிரிவும் சேர்ந்து எழுத வேண்டும். ஐடி துறையின் தலையில் கட்டக் கூடாது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர்படி, அத்தகவலைத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருப்பதே மீறல்.

ஆவணம் என்று தெரிந்த மெயிலைத் தனிநபர் அஞ்சல்பெட்டியில் விடாமல் பொதுக் களஞ்சியத்துக்கு மாற்றுங்கள். உள்ளுக்குள் அனுப்பியதை அனுப்பியவரும், வெளியிலிருந்து வந்ததை முதன்மைப் பெறுநரும் சேமிக்கட்டும். இந்தப் பொறுப்பைச் சொல்லாவிட்டால் ஐந்து பிரதிகள் சேரும், அல்லது ஒன்றுகூடச் சேராது. உரையாடலின் கடைசி மெயிலை மட்டும் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பதில் அனுப்பும்போது பழைய இணைப்புகள் உதிர்ந்துவிடும், நடுவில் கிளைத்த பதில்களும் அதில் இருக்காது. இணைப்புக்குப் பதில் கிளவுட் லிங்க் வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை: லிங்க் அப்படியே இருக்கும், கோப்பு மாறியிருக்கும். அன்றைய பதிப்பை இறக்கி மெயிலோடு சேர்த்து வையுங்கள். பிடிஎஃப் ஆக மட்டும் சேமித்தால் மெசேஜ் ஐடி, எந்த சர்வர் வழியாக எப்போது வந்தது போன்ற ஹெடர் விவரங்கள் போய்விடும். மெயிலை முழுமையாகச் சேமிக்கும் ஈஎம்எல் அல்லது எம்எஸ்ஜி வடிவிலான அசல் கோப்பும் வேண்டும். கடவுச்சொல் போட்ட இணைப்பைப் பூட்டோடு சேமித்தால் பத்தாண்டு கழித்து யாராலும் திறக்க முடியாது.

சேமிக்கும்போது தேர்ந்தெடுக்க முப்பது வகைகளைக் கொடுத்தால் ஊழியர்கள் எல்லாவற்றையும் ‘பொது’ என்றே போடுவார்கள். ஒரு பணியாளர் கண்ணுக்கு நான்கைந்து வகைகள் மட்டும் தெரியட்டும். அதுவும் நடக்காத இடத்தில் பதவியை வைத்துப் பிரிக்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013இல் கொண்டுவந்த கேப்ஸ்டோன் முறை இப்படித்தான்: உயர் அதிகாரிகளின் மெயில் நிரந்தரம், மற்றவர்களுடையது குறித்த காலம்வரை.

வேலையை விட்டுப் போகிறவரின் பெட்டியிலுள்ள ஆவணங்களை, கணக்கை நீக்குமுன் பிரித்தெடுங்கள். வழக்கு வரும் என்ற அறிகுறி தெரிந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் அன்றே தானியங்கி அழிப்பை நிறுத்த வேண்டும். கணக்கு மோசடியால் சரிந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் விவகாரத்தில், ஆவண அழிப்புக்காக அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2002இல் தண்டிக்கப்பட்டது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தபோது, அந்தத் தணிக்கை நிறுவனம் தொழிலிலேயே இல்லை.

காலம் முடிந்ததை அழிக்கும்போது எந்த வகை, எந்தக் காலத்தது, யார் அனுமதித்தார், எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பேக்கப்பிலும் அதே மெயில் இருக்கும். அந்தப் பிரதிகள் எத்தனை நாளில் மேலெழுதப்படுகின்றன என்பதையும் கொள்கையில் குறிப்பிட வேண்டும்.