கிகார்கானம்: பெரும்புதிர்ப் பல்லியின் பெயரும் பிறப்பிடமும்

கிகார்கானம் டெல்கூர்ட்டி என்பது இதுவரை அறியப்பட்ட பல்லிகளிலேயே மிகப் பெரிய இனத்தின் அறிவியல் பெயர். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை 37 செ.மீ., வாலையும் சேர்த்தால் ஏறக்குறைய 60 செ.மீ. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி வாலோடு சேர்ந்தே ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இந்த இனம் அற்றுப்போய்விட்டது என்றே கருதப்படுகிறது. உலகம் முழுவதும் தேடினாலும் இதற்கு ஒரே ஓர் உடல்தான் உண்டு. பிரான்சின் மார்சேய் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த உடலும் உள்ளுறுப்புகள் அகற்றி உலர்த்திப் பாடம் செய்யப்பட்டது.

'கிகாஸ்' என்றால் கிரேக்க வழி வந்த லத்தீனில் அரக்கன். 'ஆர்கானம்' என்றால் மறைபொருள், புதிர். பெரும்புதிர் என்று நேராகத் தமிழாக்கலாம். டெல்கூர்ட்டி என்பது ஆளின் பெயரால் வந்தது. அலன் டெல்கூர் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த இந்த உடல் 1979இல் அவர் கண்ணில் பட்டது. இது 1833க்கும் 1869க்கும் இடையில் அங்கே வந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். யார் கொண்டுவந்தார், எந்த ஊரில் பிடித்தார் என்பதற்கு ஒரு சீட்டுக்கூட உடன் இல்லை. புதிர் தொடங்கியது அங்கேதான்.

இந்தப் பெயர் 2023இல் வைக்கப்பட்டது. அதற்கு முன்பு இதற்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பழைய பெயரோடு ஒரு தவறான முகவரியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

1986இல் ஆரன் பவர், ஆன்டனி ரஸ்ஸல் என்ற இரண்டு ஊர்வன ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்து, ஹோப்லோடாக்டிலஸ் டெல்கூர்ட்டி என்று பெயரிட்டார்கள். ஹோப்லோடாக்டிலஸ் நியூசிலாந்துக்கே உரிய பல்லிப் பேரினம். சுவரையும் மரத்தையும் பற்றிக்கொள்ள உதவும் விரலடிப் பட்டைகளின் அமைப்பு ஒத்துப்போனதால் அந்தப் பேரினத்தில் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, இதன் பிறப்பிடமும் நியூசிலாந்துதான் என்று ஆகிவிட்டது.

அப்படி நினைக்க இன்னொரு வலுவான காரணமும் இருந்தது. நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களின் வாய்மொழி மரபில் 'கவெகவெயாவு' என்றொரு பெரிய காட்டு ஊர்வனத்தின் பெயர் உண்டு. 1870இல் அந்நாட்டின் உரெவெரா பகுதித் தலைவர் ஒருவர் வைமானா பள்ளத்தாக்கில், பட்டுப்போன ராட்டா மரத்தின் பட்டைக்கு அடியில் அப்படியொன்றைக் கண்டு கொன்றதாகச் சொன்னார். மேர் என்ற படை அதிகாரி 1873இல் அதை எழுதிவைத்தார். இரண்டடி நீளம், மனிதனின் மணிக்கட்டுப் பருமன், பழுப்பு உடல், அதன்மேல் நீளவாக்கில் மங்கிய சிவப்புக் கோடுகள். மார்சேய் உடலும் ஏறத்தாழ இரண்டடிதான். அதன் மேலும் நீளவாக்கில் செம்பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. இதைப் படித்துவிட்டு அந்த உடலைப் பார்க்கும் யாருக்கும் இரண்டும் ஒன்று என்றுதான் தோன்றும். எனவே கவெகவெயாவு என்பதே இந்தப் பல்லியின் பெயர் என்று பல நூல்களில் ஏறிவிட்டது.

இடித்த இடம் ஒன்று இருந்தது. நியூசிலாந்தின் குகைகளிலும் மணற்குன்றுகளிலும் பழங்காலப் பறவைகளின் எலும்புகளும் சிறிய ஊர்வனங்களின் எலும்புகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு பெரிய பல்லியின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சிறிய பல்லியின் நொறுங்கும் எலும்பு மிஞ்சிய மண்ணில் பெரியதன் எலும்பு ஏன் மிஞ்சவில்லை என்ற கேள்விக்கு யாராலும் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

2023இல் வெளியான ஆய்வு இதைத் தீர்த்தது. முன்பு பெயரிட்ட ஆரன் பவரும் அந்தக் குழுவில் இருந்தார். தாம் வைத்த பெயரை மாற்றும் ஆய்வில் தாமே பங்கெடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த உடலின் எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உலர்ந்து கிடந்த எலும்பில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். அவற்றைப் படித்து ஒன்றுசேர்க்கும் வசதி 1986இல் இல்லை. கிடைத்த வரிசையை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூ கலிடோனியா ஆகிய மூன்று இடத்துப் பல்லிகளோடும் ஒப்பிட்டார்கள். நியூசிலாந்துப் பல்லி எதற்கும் இது நெருங்கிய சொந்தம் இல்லை. நியூ கலிடோனியாவில் மட்டுமே வாழும் பல்லிகளின் கிளையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது.

நியூ கலிடோனியா ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக்கில் உள்ள தீவுக்கூட்டம். இன்று உயிரோடிருக்கும் பல்லிகளில் மிகப் பெரியதான லீச்சியானஸ் பல்லி வாழ்வதும் அங்கேதான். 1853இல் பிரான்ஸ் அந்தத் தீவுகளைத் தன் வசமாக்கிக்கொண்டது. மார்சேய் பிரான்சின் பெரிய துறைமுகம். உடல் அருங்காட்சியகத்துக்கு வந்ததாகக் கணிக்கும் காலத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் விரலடிப் பட்டைகள் ஏன் ஒத்துப்போயின? இந்தக் குடும்பத்துப் பல்லிகளில் அந்தப் பட்டையின் வடிவம் வெவ்வேறு கிளைகளில் பலமுறை தனித்தனியாக மாறியிருக்கிறது. உறவில்லாத இரண்டு இனங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதை ஒருங்கு பரிணாமம் என்கிறோம். 1986இன் முடிவு கவனக்குறைவால் வந்ததல்ல. உருவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

இனி, பல்லிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கெக்கோ'. இந்தச் சொல் மலாய் மொழியிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய பல்லி ஒன்று எழுப்பும் ஓசையே அதன் பெயராயிற்று. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதை அறிவியல் பெயரில் சேர்த்தபின் உலகம் முழுக்கப் பரவியது. இன்றைய மலாயில் வீட்டுப் பல்லிக்குச் 'சிச்சாக்' என்று பெயர். மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான சொல். அதுவும் ஓசைப்பெயர்தான். ஊர்வனவற்றில் பெரும்பாலானவை குரலெழுப்பாதவை, இந்தக் கூட்டமோ வாய்விட்டுக் கத்தும் என்பதால் குரலை வைத்தே பல மொழிகள் இதை அடையாளம் கண்டிருக்கின்றன.

நம்மிடமும் அதே கதைதான். 'பல்லி சொல்லுது' என்கிறோம்; ஓணான் சொன்னதாக யாரும் சொல்வதில்லை. கெவுளி என்ற பெயரும் சகுனத்தோடுதான் வரும். இதற்குப் பழைய சான்று குறுந்தொகையின் 16ஆம் பாட்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது:

'கள்வர்தம்
பொன்புனை பகழி செப்பங் கொண்மார்
உகிர்நுதி புரட்டும் ஓசை போலச்
செங்காற் பல்லி தன்றுணை பயிரும்'

கள்வர்கள் இரும்பு முனை வைத்த அம்பைச் சரிபார்க்க நகநுனியில் வைத்துப் புரட்டுகிறார்கள். அப்போது எழும் ஓசையைப் போலச் சிவந்த காலுடைய பல்லி தன் துணையை அழைக்கிறது. காதை வைத்துக் கேட்ட ஒருவர்தான் இப்படி எழுத முடியும். பல்லி துணையோடு குரலால் பேசும் என்பதை விலங்கியலும் ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு தெளிவான சொல் கையில் இருக்கும்போது கெக்கோ என்று எழுதுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

குழப்பம் வேறோர் இடத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் லிசர்ட் என்பது பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். தமிழில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, பொதுப்பெயர்தான் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் லிசர்டுக்குப் பல்லி என்று போட்டுவிடுவதால், உண்மையான பல்லி வரும் இடத்தில் சொல் தீர்ந்துபோய்க் கெக்கோ உள்ளே நுழைகிறது. பொதுப்பெயருக்குப் பல்லியோந்தி என்று சிலர் எழுதுகிறார்கள். அது நிலைத்தால் பல்லி என்ற சொல் அதற்குரிய உயிருக்கே மிஞ்சும். 'இராட்சத ஓணான்' என்று எழுதுவது அறவே பிழை. ஓணானுக்கு இமை உண்டு. இந்தக் குடும்பத்துப் பல்லிக்கு இமையே கிடையாது, நாக்கால் நக்கித்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

கவெகவெயாவு என்ற சொல்லை இனி இந்தப் பல்லிக்கு வைக்கக் கூடாது. அது மாவோரி மரபின் சொல். 1870இல் அந்த மரப்பட்டைக்கு அடியில் இருந்தது எதுவோ அதற்கு உரியது. மார்சேய் உடல் நியூ கலிடோனியாக் கிளையைச் சேர்ந்தது என்றான பிறகு அந்தச் சொல்லுக்கு உரிய உயிர் எது என்பது தனிக் கேள்வி. அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

கட்டுரையிலோ பாடநூலிலோ எழுதுவதென்றால் முதல் இடத்தில் 'கிகார்கானம் டெல்கூர்ட்டி என்னும் பெரும்புதிர்ப் பல்லி' என்று போடலாம், அதன்பின் பெரும்புதிர்ப் பல்லி என்றே தொடரலாம். 1986க்கும் 2023க்கும் இடைப்பட்ட நூல்களை மேற்கோள் காட்டினால் ஹோப்லோடாக்டிலஸ் டெல்கூர்ட்டி என்ற பழைய பெயரையும் ஒருமுறை குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாசகர் இரண்டு வேறு பல்லிகள் என்று எண்ணிவிடுவார்.