கூன்வண்டு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'வீவில்' எனப்படும் பூச்சிக்குத் தமிழில் கூன்வண்டு என்று பெயர். மூக்குவண்டு என்றாலும் சரியே. அந்து என்று எழுதுவதுதான் பிழை. அந்து சிறகடித்துப் பறக்கும் பூச்சி. வண்டுக்கோ முதுகில் ஓடு போன்ற கெட்டிச் சிறகு உண்டு. இரண்டும் தானியத்தைக் கெடுப்பதால் பெயர்கள் கலந்துவிட்டன.

பழைய ஆங்கிலத்தில் 'விஃபெல்' என்றால் வண்டு, அவ்வளவே. நெசவைக் குறிக்கும் 'வீவ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலப் பெயரில் உருவமே இல்லை. தமிழ்ப் பெயரில் இருக்கிறது: தலை முன்னே நீண்டு கீழ்நோக்கி வளைந்திருப்பதால் கூன். மூக்கு என்று நாம் சொல்லும் அந்த நீட்சியின் நுனியில்தான் வாய் இருக்கிறது. உணர்கொம்புகளும் அதிலிருந்தே முழங்கை மடக்கியதுபோல் கிளம்புகின்றன.

அரிசியில் ஊரும் கூன்வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கரும்பழுப்பு நிறம், சிறகின்மேல் நான்கு செம்புள்ளிகள். பெண் வண்டு மணியைக் குடைந்து, குழிக்குள் ஒரு முட்டை வைத்து, பசை போன்ற கசிவால் வாயை அடைத்துவிடும். காலில்லாப் புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகித்தான் வெளியே வரும். அதுவரை மணி முழுசாகவே தெரியும். இந்தச் சேதத்தைச் சொல்ல 'உளுத்தது' என்ற சொல்லே போதும். 'அரித்தது' என்றால் மேலிருந்து தின்றதுபோல் ஆகிவிடும். வெயிலில் காயப்போட்டால் ஊரும் வண்டுகள் ஓடிவிடும். மணிக்குள் இருக்கும் புழு அசையாது. கொஞ்சம் தானியம் என்றால் சில நாள் உறைகுளிரில் வைப்பதே நிச்சயமான வழி.

வயலிலும் தோப்பிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. தென்னையின் சிவப்புக் கூன்வண்டு மரத்தின் காயத்தில் முட்டையிடும். புழு தண்டைக் குடையும். துளையில் செம்பழுப்புச் சாறு வடியும். குருத்து சாயும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். வாழையில் கிழங்கைத் துளைப்பது ஒன்று, தண்டைத் துளைப்பது வேறொன்று. மருந்து கேட்கும்போது எது என்று சொல்லிக் கேட்க வேண்டும். 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக்காய்க் கூன்வண்டு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி விவசாயத்தையே ஆட்டிப்பார்த்தது. அலபாமாவின் என்டர்பிரைஸ் நகரத்தார் அதனால் வேர்க்கடலைக்கு மாறிப் பிழைத்தார்கள். 1919இல் அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் வைத்தார்கள்!

பயறில் வட்டத் துளையிடும் பயறு வண்டையும் கூன்வண்டு என்று எழுதுகிறார்கள். அதற்கு மூக்கு நீளவில்லை, குடும்பமும் வேறு. அதைப் பயறு வண்டு என்றே சொல்லலாம்.