ஆறாவது லைன்மேன் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் பற்றி, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் 2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்த முடிவு வராமல் போகாது. முந்தைய நவம்பரில் பந்தை எறியும் அவர்களுடைய குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு இடது முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்திருந்தது. கையில் ஐந்தாவது தேர்வு. அவரைக் காப்பாற்ற, முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுக்கும் பெனே சியூவெல் என்ற டேக்கிளா, அவர் எறிவதைப் பிடிக்க ஜமார் சேஸா? சேஸை எடுத்தார்கள். அந்த சீசனிலேயே சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஆனால் லீக் ஆட்டங்களில் மட்டும் பர்ரோ 51 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே எதிரணி அவரைக் கீழே சாய்த்தது, சூப்பர் பௌலில் இன்னும் 7 முறை.

விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்டான எனக்கு அந்த 51 என்ற எண் வயிற்றைக் கலக்குகிறது. புதிதாக வைத்துத் தைத்த ஜவ்வு எலும்போடு ஒட்டி உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்பே போய்விடும், ஆபத்தே அங்குதான். ஒற்றைக் காலில் தாவச் சொன்னால் உண்மை தெரியும்: நல்ல காலில் தாவும் தூரம் அடிபட்ட காலில் வராது, தரையில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயும். தொடைத் தசை மற்ற காலுக்கு ஈடாகும் வரை, குறைந்தது ஒன்பது மாதமாவது, ஆட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

சேஸை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அபாரமான வீரர். விவாதம் டிராஃப்டின் முதல் சுற்றோடு முடிந்துவிடுகிறதே, அதுதான் என் வருத்தம். குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேர்தான் லைன், அவர்கள்தான் லைன்மேன்கள். பெங்கால்ஸ் 2022-இல் அந்த லைனுக்குப் புது ஆட்களைக் காசு கொடுத்துக் கொண்டுவந்தார்கள். சீசன் முடிவதற்குள் ஐந்து பேரில் மூன்று பேர் காயத்தில் விழுந்தார்கள். 2023 ஜனவரி 29 அன்று கான்சாஸ் சிட்டிக்கு எதிராக மூன்று மாற்று ஆட்களோடு இறங்கினார்கள். ஐந்து சாக், 23-20 தோல்வி.

அதே நாளில் ஃபிலடெல்ஃபியாவில் இதைவிடக் கொடுமை. சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியின் முதல் இரண்டு குவாட்டர்பேக்குகளும் ஏற்கெனவே காயத்தில் போய்விட்டதால், டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே அவருடைய முழங்கை ஜவ்வு போனது. மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடிபட்டு கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. வேறு ஆள் இல்லை. தூரமாக எறியவே முடியாத கையோடு பர்டி மறுபடியும் களத்துக்கு வந்தார். அதற்குப் பிறகுதான், அவசரத்துக்கு மூன்றாவது குவாட்டர்பேக்கை வைத்துக்கொள்ளலாம் என்று லீக் விதியை மாற்றியது.

பின்னால் ஆள் இல்லாத அணியில் அடிபட்டவர்தான் திரும்பி வருவார். என்னிடம் வரும் கல்லூரி லைன்மேன்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். கணுக்கால் வீங்கியிருக்கும், ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு "ஒண்ணுமில்லை" என்பார்கள். தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு அணியின் 53 பேர் பட்டியலைப் பார்க்கும்போது, லைனில் ஆடும் ஐந்து பேருக்கு மாற்றாக இருக்கும் ஆறாவது, ஏழாவது லைன்மேன் யார் என்று முதலில் பாருங்கள். அவர் லைனின் உள்பக்கம் கார்டாகவும் ஓரத்தில் டேக்கிளாகவும் ஆடுவாரா? போன சீசனில் எத்தனை ஆட்டம் காயத்தில் உட்கார்ந்தார்? லீக்கே இதை ஒத்துக்கொள்கிறது: எட்டு லைன்மேன்கள் இருந்தால்தான் ஆட்ட நாளில் 48 பேரை இறக்க அனுமதி. மூன்றாவது, நான்காவது சுற்றில் ஒரு லைன்மேனை எடுத்தால் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தத் தேர்வுதான் நிம்மதி தருகிறது.

பள்ளி அணிகளில் டிராஃப்ட் கிடையாது, இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் இரண்டு இடத்தில் ஆடப் பழக்கிவிடச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். அப்புறம், தலையில் அடிபட்டு கன்கஷன் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. மாற்று ஆள் இல்லையென்றாலும் சரி.